டாரதி அனுப்பிய சீப்பு

அப்புத்துரைக்கு வரி என்ற பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். அவரும் என்ன செய்வார், பினாங்கு தீர்வையில்லாத் துறைமுகமாக இருந்த காலத்தில் பிறந்து வளர்ந்தவர். கப்பலில் வந்திறங்கிய கைக்கடிகாரமும் துணிமணியும் இந்தத் தீவில் வரியில்லாமல் விற்றன. ஃபெர்ரி ஏறி அக்கரைக்குக் கொண்டுபோனால்தான் சுங்கக்காரர் கையை நீட்டுவார். அக்கரையில் தாசேக் கெலுகோர் என்ற ஊரில் இருந்த மைத்துனனுக்காக அப்புத்துரை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று புதுக் காற்சட்டைகளை மாட்டிக்கொண்டு ஃபெர்ரியில் போயிருக்கிறார். உட்கார முடியாமல் வழியெல்லாம் நின்றுகொண்டே போன கதையை அவரே பெருமையாகச் சொல்வார். அந்தச் சலுகை ஒருநாள் போய்விட்டது. அதோடு விட்டார்களா, கொஞ்ச வருடத்தில் விற்பனை வரி என்று ஒன்று வந்து சேர்ந்தது. மனிதருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை.

மற்றபடி தங்கமான மனிதர். கப்பல் ஏஜெண்டு அலுவலகம் ஒன்றில் முப்பது வருடம் குமாஸ்தா வேலை பார்த்தவர். பால்காரனுக்கு இரண்டு வரி எழுதினாலும் கார்பன் வைத்து நகல் எடுத்து, எண் போட்டு, கோப்பில் செருகினால்தான் அவருக்கு நிம்மதி. கஞ்சன் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார். சிக்கனம் என்று சொல்லவேண்டும், சொல்லிவிட்டுப் போவோமே.

எண்பத்து நாலாம் வருடம் ஓய்வு பெற்றார். வேலை போனதைவிடத் தலைமுடி போனதுதான் அவருக்குத் துக்கம். அந்த நேரம் பார்த்து ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் ஹாங்காங் கம்பெனியின் விளம்பரம் கண்ணில் பட்டது. மின்சாரச் சீப்பு. மூன்றே மாதத்தில் முடி முளைக்கும், விலை தொண்ணூறு வெள்ளி, தபாலில் வரும். ஆசை வந்துவிட்டது. ஆனால் வெளிநாட்டிலிருந்து வாங்கிய சாமானைத் தபால் நிலையத்தில் சுங்கக்காரர் பிடித்துவைத்து வரி போடுவாரே? அன்பளிப்பாக வரும் சின்னப் பொட்டலத்துக்கு வரி இல்லை என்று காப்பிக்கடை சிநேகிதர் பிச்சைமுத்து சொல்லிவைத்திருந்தார். அது போதும் நம் ஆளுக்கு.

வழுவழு ஆங்கிலத்தில் கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுதினார். பொட்டலத்தின்மேல் அன்பளிப்பு என்று குறிக்கவும், பில் வைக்கவேண்டாம், கம்பெனிப் பெயருக்குப் பதிலாக யாராவது ஒரு நபரின் பெயரைப் போடவும், நம்பும்படியாக அன்பாக நாலு வார்த்தை எழுதி உள்ளே வைக்கவும். அன்பின் அளவைத் தங்கள் விருப்பத்துக்கே விட்டுவிடுகிறேன். இந்தக் கடைசி வரிதான் வினையாகப் போயிற்று.

ஆறு வாரம் கழித்து, பொட்டலம் வந்திருப்பதாகத் தபால் நிலையத்திலிருந்து அட்டை வந்தது. அப்புத்துரை சந்தைக்குப் போயிருந்ததால் அது மனைவி யோகலட்சுமியின் கையில் கிடைத்தது. அனுப்பியவர், மிஸ் டாரதி லாவ், ஹாங்காங். அவர் திரும்பி வந்தபோது நல்ல சேலையாக உடுத்திக்கொண்டு, அட்டையில் இருந்த பெயர் அவர் கண்ணில் படும்படி பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நானும் வாறன்" என்றாள்.

அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். சீப்பு விஷயம் தெரிந்தால் சிரிப்பாள் என்ற வெட்கம் வாயை அடைத்தது. பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவள் இவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததே கிடையாது. அப்புத்துரை பஸ் டிக்கெட்டை விரலில் சுருட்டிக்கொண்டே யோசித்தார். டாரதி என்று ஒருத்தி இருப்பதாக இவள் நம்பிவிட்டாளோ, இந்த வயதில் வீட்டில் இருக்கிற நிம்மதியும் போய்விடுமோ?

தபால் நிலையத்தின் சுங்க மேசையில் ஹபீப் முகம்மது என்ற இளம் அதிகாரி உட்கார்ந்திருந்தார். பொட்டலத்தைக் கத்தியால் பிரித்தார். முதலில் வந்தது ரோஜாப்பூப் படம் போட்ட ஒரு வாழ்த்து அட்டை. தபாலில் வருவதைச் சரிபார்ப்பது அவருடைய கடமை. கடமையைச் சத்தமாகவே செய்தார்.

"என் கண்ணே அப்பு, உங்கள் தலையை இரவும் பகலும் நினைத்துக்கொண்டிருக்கும் டாரதி."

வரிசையில் நின்ற பத்துப் பேரும் அப்புத்துரையின் தலையைப் பார்த்தார்கள். மனிதர் முகத்தில் ஈயாடவில்லை. யோகலட்சுமி மட்டும் சுவரில் இருந்த தபால்தலை விளம்பரத்தை ஊன்றிப் படித்துக்கொண்டிருந்தாள்.

"கிஃப்டு தானே, அங்கிள். வரி இல்ல லா. சைன் போட்டுட்டு எடுத்துட்டுப் போங்க."

எதற்காக இத்தனை பாடுபட்டாரோ அது கைக்கு வந்துவிட்டது. கையெழுத்துப் போட்டால் போதும். அப்புத்துரை பேனாவை எடுத்தார், மனைவியைப் பார்த்தார், பேனாவைக் கீழே வைத்தார்.

"தம்பி, இது அன்பளிப்பில்லை. நான் காசு குடுத்து வாங்கினது. விற்பனை வரி போடுங்கோ."

"என்ன அங்கிள்? எல்லாரும் வரி வேணாம்னு தான் சண்டைக்கு வருவாங்க."

"நீங்கள் போடத்தான் வேணும். வித்த சாமானுக்குத்தானே விற்பனை வரி? ரசீதிலை அதை வடிவா எழுதித் தாங்கோ."

"வாங்கினதுக்கு ஆதாரம் வேணுமே. பில் எங்க?"

பில் ஏது? வேண்டாம் என்று எழுதியவரே இவர்தானே. அப்புத்துரை தோல்பையைத் திறந்தார். உலகத்தில் வேறு எந்தக் கள்ளனும் செய்யாத காரியத்தை நம் குமாஸ்தா செய்திருந்தார். தான் செய்த மோசடிக்குக் கார்பன் நகல் எடுத்து, எண் போட்டு, மணியார்டர் துண்டையும் குண்டூசியால் சேர்த்துக் குத்திவைத்திருந்தார். ஹபீப் முகம்மது அதை முழுவதும் படித்தார். அன்பின் அளவு என்ற இடம் வந்ததும் உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அங்கிள், இதைக் காட்டினா அபராதமும் சேரும். எல்லாமா அறுபத்து மூணு வெள்ளி. நல்லா யோசிச்சிக்கோங்க."

அறுபத்து மூன்று! ஒவ்வொரு நோட்டாக எடுத்து, இரண்டு ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று தேய்த்துப் பார்த்து, வைத்தார். ரசீதைக் கண்ணில் ஒற்றாத குறையாக வாங்கிக்கொண்டார்.

வெளியே வந்து படியில் நின்று மனைவியிடம் நீட்டினார்.

"பாருமப்பா. விற்பனை வரி எண்டு போட்டிருக்கு. டாரதியும் இல்லை, கீரதியும் இல்லை. இப்ப நம்புறீரோ?"

யோகலட்சுமி ரசீதைத் தூரப் பிடித்து வாசித்தாள். நாலாக மடித்துக் கைப்பையில் வைத்தாள்.

"நான் எப்ப நம்பாமல் இருந்தனான்? உங்கட தலையை நினைச்சு ஒருத்தி நித்திரை கொள்ளாமல் இருக்கிறாளெண்டால் ஆர் நம்புவினம்?"

அப்புத்துரைக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பிறகேன் உள்ளுக்கை வாயைத் திறக்கேல்லை? அறுபத்து மூண்டு வெள்ளியப்பா!"

"இருபத்தொம்பது வருசமாப் பாக்கிறன். எனக்காக ஒருநாளும் நீங்கள் மனசார ஒரு காசு செலவழிச்சதில்லை. நான் கோவமெண்டால் உங்களுக்கு எவ்வளவு பெறுமதியெண்டு ஒருக்காப் பாப்பமெண்டு நிண்டனான்."

சொல்லிவிட்டு அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். அப்புத்துரை தெருவோரம் மூன்று சக்கர ட்ரைஷாவோடு நின்றவனைக் கைதட்டி அழைத்து, எவ்வளவு என்றுகூடக் கேட்காமல், அவளை ஏறச் சொன்னார்.