மணவாளன் விழுங்கிய ஒரு நாள்

சிதம்பரம் கீழவீதிக்குப் பக்கத்துச் சந்தில், ஜெராக்ஸ் கடைக்கு மேல்மாடியில், மணவாளனின் கம்ப்யூட்டர் ஜாதக நிலையம் இருக்கிறது. அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை. மரியாதையால் அல்ல.

தொண்ணூறுகளில் அவர் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் கம்ப்யூட்டர் பாடம் எடுத்தார். அப்போது ஒரு ஜாதக புரோகிராம் எழுதினார். பிறந்த தேதியையும் நேரத்தையும் அடித்தால் ராசி, நட்சத்திரம், கட்டம் எல்லாம் அச்சாகி வரும். அதை எங்கள் கடலூர்ப் பக்கம் நெல்லிக்குப்பம், மஞ்சக்குப்பம் கடைகளுக்கும் விற்றார். அதோடு சரி, அதற்குப் பிறகு அவர் எதையும் படிக்கவில்லை. ஆனால் விசிட்டிங் கார்டில் "ஜோதிட விஞ்ஞானி" என்று போட்டுக்கொண்டார். யாராவது சந்தேகம் கேட்டால், "நான் தப்பு பண்ணுவேன், கம்ப்யூட்டர் பண்ணாது" என்பார். அவர் எழுதியதைத்தானே கம்ப்யூட்டர் செய்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை. எங்கள் வீட்டிலும் தோன்றவில்லை.

என் அக்கா கயல்விழிக்குப் போன வருஷம் மாப்பிள்ளை பார்த்தார்கள். சிதம்பரத்துச் செம்பியன். இருவருக்கும் பிடித்திருந்தது. ஜாதகம் கைமாறியதும் செம்பியனின் அம்மா பின்வாங்கினார். மணவாளனின் புரோகிராமில் எடுத்த அந்த ஜாதகத்தில் அக்காவுக்கு ஆயில்யம் என்று போட்டிருந்தது. ஆயில்ய மருமகள் வீட்டுக்கு வந்தால் மாமியார் செத்துப்போவார் என்று நம்புகிறவர் அவர்.

அக்கா புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். வங்கிகளும் கடைகளும் பல வருஷமாக ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய புரோகிராம்களில் தேதிக் கணக்கு எங்கே உதைக்கும் என்று வரிவரியாகத் தேடுவதுதான் அவள் வேலை. அன்றுதான் அவள் தன் ஜாதகத்தை ஒழுங்காகப் படித்தாள். 2001 மார்ச் 8, புதன்கிழமை என்று இருந்தது. போனில் காலண்டரைத் திறந்தாள். வியாழக்கிழமை.

"ஏம்மா, நான் பொறந்தது என்னா கெழம?"

"கெழமயெல்லாம் யாருக்குத் தெரியும்? மாசி மகத்தன்னிக்குப் பொறந்த. தேவனாம்பட்டணத்துல சாமியெல்லாம் கடலுக்கு வந்துருந்துச்சு. உங்கப்பா கூட்டத்துல மாட்டிக்கிட்டு சாயங்காலந்தான் ஆஸ்பத்திரிக்கு வந்தாரு."

"மாசி மகத்தன்னிக்கு நட்சத்திரம் என்னா?"

அம்மா ஜாதகத்தை வாங்கிப் பார்த்தார். "கம்ப்யூட்டர்ல ஆயில்யம்னு வந்துதேடி" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மா, அக்கா, நான் மூவரும் சிதம்பரத்துக்கு மணவாளனிடம் போனோம். "பழைய புரோகிராம் பாக்குறதுதான் சார் என் வேல" என்று அக்கா சொன்னதும் மணவாளனுக்கு ஒரே பெருமை.

"பாரும்மா, நல்லா பாரு. ஒவ்வொரு வரியும் நானே எழுதுனது. இந்தக் காலத்துப் பசங்களுக்கு வருமா?"

அக்கா தேதி வருகிற வரிகளை மட்டும் தேடினாள். சீக்கிரமே கிடைத்தது. நான்கால் வகுபடும் ஆண்டில் பிப்ரவரிக்கு இருபத்தொன்பது நாள். நூறால் வகுபட்டால் அது கிடையாது. நானூறால் வகுபட்டால் மறுபடியும் உண்டு. இந்தக் கடைசி விதியை மணவாளன் எழுதவே இல்லை. அதனால் 2000 பிப்ரவரி 29 அவருடைய புரோகிராமில் காணோம். அதற்குப் பிறகு பிறந்த எல்லோருக்கும் முந்தின நாள் நட்சத்திரத்தை அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். விவரமே தெரியாத ஒருவர் நான்கால் மட்டும் வகுத்திருந்தால்கூட இது சரியாக வந்திருக்கும். இப்படித் தப்பு செய்ய அரைகுறை அறிவு வேண்டும்.

அவர் அதிர்ச்சி அடைவார் என்று நினைத்தேன்.

"தெரியும்மா" என்றார். "ஒரு குருக்கள் அப்பவே வந்து சொன்னாரு."

"அப்பறம் ஏன் சார் மாத்தல?"

"மாத்துனா, குடுத்ததெல்லாம் தப்புன்னு ஊரே வந்து நிக்காதா? இதுல என்னம்மா நஷ்டம்? பொண்ணுக்கும் ஒரு நாள் தள்ளியிருக்கு, மாப்ளைக்கும் ஒரு நாள் தள்ளியிருக்கு. எண்ணிப் பாரு, பொருத்தம் அதேதான் வரும்!"

"மாப்ள தொண்ணூத்தெட்டுல பொறந்தவரு சார்."

அவர் விரலை மடக்கி எண்ணினார். "அது கொஞ்சம் ஒதைக்கும்" என்றார்.

அம்மா கேட்டார்: "உங்க மவளுக்கும் இதுலதான் போட்டீங்களா?"

"இல்லம்மா. பாப்பாவுக்குப் பஞ்சாங்கம் பாத்துக் கையால எழுதுனது." கொஞ்சமும் கூச்சமில்லாமல் சொன்னார்.

அக்கா செம்பியனின் அம்மாவுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, மணவாளனிடம் நீட்டினாள். "மகம்னு ஒரு வார்த்த சொல்லுங்க சார்."

மணவாளன் தொண்டையைச் செருமினார். "கம்ப்யூட்டர்ல வந்ததுதாம்மா கரெக்டு. பொண்ணு வீட்டுல ஆயிரம் சொல்லுவாங்க."

"நீயெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறியா?" என்று அம்மா கத்தியபோது அவர் ஃபேன் ஸ்பீடைக் கூட்டிக்கொண்டிருந்தார். அன்று சாயங்காலம் செம்பியனிடமிருந்து மெசேஜ் வந்தது: அம்மா ஒத்துக்கலை, சாரி.

அக்கா அழவில்லை. சொந்தக்காரர்களுக்கும் தெரிந்தவர்களுக்கும் வாட்ஸப்பில் ஒரு செய்தி அனுப்பினாள். கட்டத்தைப் பார்க்க வேண்டாம். ஜாதகத்தில் இருக்கும் கிழமையையும் காலண்டரில் இருக்கும் கிழமையையும் பாருங்கள். அவ்வளவுதான். செய்தி கடலூரைச் சுற்றிவிட்டுச் சிதம்பரம் போய்ச் சேர்ந்தது. ஜனங்கள் மாடிப்படி ஏறினார்கள்.

மணவாளன் ஓடி ஒளிந்தாரா என்றால், இல்லை. அக்கா காட்டிய வரியைச் சேர்த்துக்கொண்டு, வாசலில் பேனர் கட்டினார்: "2000-க்குப் பின் பிறந்தவர்களுக்கு நவீன ஜாதகம்! பழையதைக் கொண்டுவந்தால் பாதி விலை!" ஏமாந்தவர்களே வரிசையில் நின்று மறுபடியும் வாங்கினார்கள். அந்த வரிசையில் செம்பியனின் அம்மாவும் நின்றிருக்கிறார்.

"மகமாமே! நவீன ஜாதகத்துல வந்துருக்கு. முகூர்த்தம் பாத்துடலாமா?" என்று போனில் குதித்தார். அம்மா போனை அக்காவிடம் கொடுத்தார்.

"செம்பியன் என்னா சொல்றாருங்க?"

"அவன் சொல்றதுக்கு என்னா இருக்கு? நான் சொல்றதுதான்."

"அப்ப அவர நீங்களே வச்சிக்குங்க" என்று அக்கா போனை வைத்தாள்.