மாமா பிட்டை விட்ட கதை

என் மாமாவை நான் ஒருமுறை கொல்லப் பார்த்தேன். அப்போது எனக்கு ஒன்பது வயது. கையில் இருந்த ஆயுதம், பள்ளிக்கூடத்தில் பழகிய ஒரு மூச்சுப் பயிற்சி.

அவர் அம்மாவின் தம்பி. சண்டைக் காலத்தில் சின்னப் பையனாக இந்தியாவுக்குப் படகேறி, அகதி முகாமில் வளர்ந்து, எல்லாம் முடிந்தபிறகு எங்கள் ஊரான தோட்டவெளிக்கு வந்து எங்கள் வீட்டோடு சேர்ந்துகொண்டவர். "ஓம்" என்று சொல்ல வேண்டிய இடத்தில் "ஆமா" என்று சொல்லிவிட்டு, நாங்கள் சிரிக்கமுன் தானே சிரித்துவிடுவார். சங்கு குளிக்கும் படகொன்றில் அவருக்கு வேலை கிடைத்திருந்தது. மற்றவர்கள் நூற்றிருபது எண்ணும்வரை நீருக்கடியில் மூச்சடக்குவார்கள். மாமாவுக்குத் தொண்ணூறிலேயே நெஞ்சு அடித்துக்கொள்ளும். மாதம் முடிவதற்குள் மூச்சு நீளாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று படகுக்காரர் சொல்லிவிட்டாராம். மாமா அதையும் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அம்மாதான் சோறு போட்ட கையோடு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அந்தக் கிழமை எங்கள் வகுப்புக்கு யோகாசனம் பழக்க ஒரு ரீச்சர் வந்தார். பாயில் சப்பணம் கட்டி இருந்து, வயிற்றை வெட்டி வெட்டி உள்ளே இழுத்து, மூக்கால் புஸ் புஸ்ஸென்று காற்றை வெளியே தள்ளவேண்டும். கபாலபாதி என்று பெயர். இருபது தரத்தோடு நிறுத்தி ஆறவேண்டும், தலை சுற்றினால் விட்டுவிட வேண்டும், வெறும் வயிற்றில்தான் செய்யவேண்டும் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். நுரையீரலுக்கு நல்லது என்றும் ஒருமுறை சொன்னார். என் காதில் சரியாக ஏறியது அந்த ஒருமுறை சொன்னது மட்டும்தான்.

வீட்டுக்கு ஓடிவந்து மாமாவை இழுத்து இருத்தினேன். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "சொல்லித்தாங்கோ ரீச்சர்" என்றார். நான்கு நாட்கள் கிணற்றடியில் பழக்கினேன். அவருடைய வயிறு துள்ளுவதைக் கண்ட அம்மா, இவனுக்கு வயிற்றால் போகிறதோ என்று பயந்து கொத்தமல்லி அவித்துக் கொடுத்தார். மாமா அதையும் மறுக்காமல் குடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து, மாமா மூன்று தரம் பிட்டு வாங்கி மீன்குழம்போடு சாப்பிட்டார். பிறகு அப்பாவின் படகில் மூன்று பேரும் போனோம். இரண்டு ஆள் உயர ஆழத்தில் அப்பா நங்கூரம் போட்டுவிட்டு, பின்பக்கம் குனிந்து எஞ்சினைக் கழற்றத் தொடங்கினார். கடல் தெளிந்து கிடந்தது. மாமா முன்பக்கத்தில் ஏறி இருந்து புஸ் புஸ்ஸென்று தொடங்கினார். இருபது என்பதை நான் நூறாக்கியிருந்தேன். நல்ல மருந்தைக் கஞ்சத்தனமாகக் கொடுப்பானேன்?

"கையெல்லாம் எறும்பு ஊருது ரீச்சர்."

"அது நுரையீரல் விரியுது மாமா."

அவர் சிரித்தபடி இறங்கினார். அடியில் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு இருப்பது மேலிருந்து தெரிந்தது. நான் உரத்து எண்ணினேன். தொண்ணூறு போயிற்று. நெஞ்சு அடிப்பதாகவே தெரியவில்லை. நூற்றிருபதும் போனபோது படகில் எழும்பி நின்று கைதட்டினேன். நூற்று முப்பதில் கயிற்றை விட்டு மெல்ல மேலே வந்தார். நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே, நான் கை நீட்டினால் எட்டும் தூரத்தில் நின்றார். முகம் மேலே பார்த்தபடி இருந்தது. கண் திறந்திருந்தது. வாயில் சிரிப்புப் போல ஏதோ இருந்தது. பிறகு அப்படியே திரும்பக் கீழே போனார்.

என் மாமா இன்னும் விளையாடுகிறார் என்று நினைத்து நான் எண்ணிக்கொண்டே இருந்தேன். நூற்று முப்பத்திரண்டு, நூற்று முப்பத்து மூன்று. சந்தோசமாக எண்ணினேன். இன்றைக்கும் அந்த எண்கள் என் குரலிலேயே கேட்கின்றன. நூற்று நாற்பத்தொன்றில் அப்பா தலையை நிமிர்த்தி ஒருமுறை தண்ணீரைப் பார்த்தார், உடுப்போடு குதித்தார்.

படகில் தூக்கிப் போட்டபோது மாமாவின் உதடு நீலமாக இருந்தது. அப்பா அவர் வாயில் ஊதினார், கன்னத்தில் அறைந்தார், பெயர் சொல்லிக் கத்தினார். அப்பா கத்தி நான் அதுவரை கேட்டதில்லை. எவ்வளவு நேரமோ தெரியாது, மாமா ஒரு பெரிய மூச்சை இழுத்தார். இருமினார். கண்ணைத் திறந்து என்னைத் தேடி, "எத்தினை?" என்று கேட்டார்.

அப்பா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே ரீச்சரின் மற்றச் சொல் நினைவுக்கு வந்தது. வெறும் வயிறு! "மாமா பிட்டுச் சாப்பிட்டவர், அதுதான்!" என்று ஓவென்று அழுதேன்.

அப்பா மாமாவைப் பார்த்தார். மாமா அப்பாவைப் பார்த்தார். "ஓம் பிள்ளை, பிட்டுதான்" என்றார் மாமா. அந்தத் தடவை ஆமா என்று வரவில்லை.

அன்றோடு மாமா பிட்டை விட்டார். எங்கள் வீட்டில் பிட்டு அவித்த காலைகளில் வெறும் தேத்தண்ணியோடு போவார். "செய்தனீங்களோ மாமா?" என்று நான் வாசல் படலையில் நின்று கேட்பேன். "இருபது தரம், வெறும் வயித்தில, ரீச்சர்" என்பார். கொஞ்ச நாளில் சங்குப் படகையும் விட்டு அப்பாவோடு வலைக்குப் போகத் தொடங்கினார். மூச்சு நீண்டபிறகும் ஏன் விட்டார் என்று எனக்கு அவர்மேல் கோபம்கூட இருந்தது.

பன்னிரண்டு வருடம் கழித்து, தாதியர் பயிற்சி வகுப்பில், நீரில் மூழ்கியவர்களைப் பற்றிப் பாடம் நடந்தது. மூச்சை வேகமாகத் தள்ளிவிட்டு இறங்குகிறவருக்கு ஒட்சிசன் கூடுவதில்லை, நெஞ்சை அடிக்கவைக்கும் கழிவுக்காற்றான காபனீரொட்சைட்டுத்தான் குறைகிறது, அதனால் மூச்சுக்குத் தவிக்காமலே மயங்கிப்போவார் என்றார் விரிவுரையாளர். என் பேனா நின்றுவிட்டது.

அடுத்தநாள் சொல்லாமல் கொள்ளாமல் முதல் பஸ்ஸில் வீட்டுக்குப் போனேன். மாமா குசினி வாசலில் இருந்து பிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் தட்டைப் பேப்பரால் மூடினார்.

"அவள் வளந்திட்டாள், இனி ஏன் ஒளிக்கிறாய்?" என்றார் அம்மா உள்ளேயிருந்து. "பிள்ளை தன்னாலதான் எண்டு நினைச்சிடுவாள், வாய் திறக்கக்கூடாது எண்டு கொப்பாவும் இவனும் அண்டைக்குப் படகிலேயே கண்ணால பேசிக்கொண்டவையாம்."

அப்பாவும் மாமாவும் பார்த்துக்கொண்ட அந்தப் பார்வையை, பிட்டின்மேல் வந்த கோபம் என்றே நான் இத்தனை காலமும் நினைத்திருந்தேன்.

மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். மாமா முந்திக்கொண்டார்.

"இருபது தரம் செய்துபோட்டுத்தான் சாப்பிடுறன், ரீச்சர்."