ஆம்பூர் கேஷுவாலிட்டியின் இரண்டாவது டாக்டர்

இந்த ஊர்க்காரர்கள் அடிபட்டு வந்தால் மன்னிப்புக் கேட்கிறார்கள். அயர்லாந்தின் மேற்கு ஓரம், மழைக்கும் ஆடுகளுக்கும் பஞ்சமில்லாத ஒரு சிற்றூர். அங்குள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குச் சென்ற வாரம் ஒரு விவசாயி வந்தார். மணிக்கட்டு திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் "ஐ ஆம் கிராண்ட்" என்கிறார். எங்கள் ஆம்பூரில் கிராண்ட் என்றால் கல்யாணப் புடவை, ரிசப்ஷன் மேடை, மண்டப வாசலில் சீரியல் பல்பு. "கிராண்டாக இல்லையே, கை உடைந்திருக்கிறதே" என்றேன். அவர் கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "சாரி" என்றார். இங்கே கிராண்ட் என்றால் 'பரவாயில்லை' என்று அர்த்தமாம்; நர்ஸ் பிறகு விளக்கினாள். ஆம்பூரில் விரல் நுனியில் கீறல் விழுந்தால் ஆறு பேர் துணைக்கு வருவார்கள். அதில் நான்கு பேர் அடிபட்டவரைவிடச் சத்தமாக அழுவார்கள்.

அந்த மணிக்கட்டை நான் தொடவில்லை. தொடக் கூடாது. ஆம்பூரில் ஒரு சிறிய தனியார் மருத்துவமனையின் கேஷுவாலிட்டியில் ஆறு வருடம் டூட்டி டாக்டராக இருந்தவள் நான். இங்கே எழுத வேண்டிய தேர்வுகளை இன்னும் முடிக்காததால் டாக்டர் இல்லை. கணவருக்கு நர்ஸ் வேலை கிடைத்தது. அவரைச் சார்ந்தவள் என்ற விசாவில் நான் வந்தேன். என் மாமியார் இதைச் சொந்தக்காரர்களிடம் தலைகீழாகத்தான் சொல்லிவருகிறார்.

எனக்குக் கிடைத்தது ஒரு பல்கலைக்கழக ஆய்வில் உதவியாளர் வேலை. அவசரப் பிரிவுகளில் இருக்கும் டாக்டர்கள் யார், என்ன செய்கிறார்கள், ஏன் நிலைப்பதில்லை என்பதுதான் ஆய்வு. மூலையில் டேப்லெட்டோடு உட்கார்ந்து, அவர்கள் எத்தனை முறை பாதி வேலையில் எழுந்து ஓடுகிறார்கள், எப்போது சாப்பிடுகிறார்கள் என்று குறிக்க வேண்டும். சாப்பாட்டுக் கட்டம் பெரும்பாலும் காலியாகவே கிடக்கும். பிறகு பேட்டி. அங்கே ஒருவர் சூடான், ஒருவர் பாகிஸ்தான், ஒருவர் நைஜீரியா. உள்ளூர்க்காரி ஃபியோனா ஒருத்திதான். இன்னும் எவ்வளவு காலம் இங்கே இருப்பீர்கள் என்று படிவத்தில் உள்ளபடி அவளிடம் கேட்டேன். "குளிர் முடிந்ததும் ஆஸ்திரேலியா போகிறேன்" என்றாள். நாங்கள் அயர்லாந்துக்கு வருகிறோம், அயர்லாந்துக்காரர்கள் ஆஸ்திரேலியாவுக்குப் போகிறார்கள். ஆஸ்திரேலியாக்காரர்கள் எங்கே போகிறார்கள் என்பதை எங்கள் ஆய்வு இன்னும் கண்டுபிடிக்கவில்லை. "நீ ஏன் உன் ஊரை விட்டு வந்தாய்?" என்று அவள் திருப்பிக் கேட்டாள். கேள்வி கேட்பவர் பதில் எழுதப் படிவத்தில் இடமில்லை என்றேன். நான் ஜோக் அடித்ததாக நினைத்துச் சிரித்தாள்.

வேறு நாட்டில் வேலை பார்க்கும் டாக்டருக்கும் இந்தப் படிவம் பொருந்துகிறதா என்று பார்க்க, தெரிந்த ஒருவரிடம் கேட்டுவரச் சொன்னார் ஆய்வை நடத்தும் பேராசிரியர். ஆம்பூரில் என்னோடு மாற்றி மாற்றி ஷிப்டு பார்த்த நஸ்ரீனை வீடியோவில் கூப்பிட்டேன். எனக்குக் காலை, அவளுக்குப் பிற்பகல்.

"வேலையில் உங்கள் திருப்தி, ஒன்றிலிருந்து ஐந்துக்குள்?"

"சாப்ட்டியான்னு கேளுடி மொதல்ல."

"சாப்ட்டியா?"

"இல்ல. அதையே போட்டுக்கோ."

"உங்கள் பிரிவில் எத்தனை டாக்டர்கள்?"

"போர்டுல ரெண்டு. நேர்ல ஒண்ணு."

"ரெண்டாவது யாரு?"

"நீதான். இன்ஸ்பெக்‌ஷன் வந்தா ரெண்டு பேரு காட்டணுமாம், உன் பேரை எடுக்கவே இல்ல. போன மாசம் புதுசா பெயின்ட் வேற அடிச்சாங்க."

சிரித்துவிட்டேன். அப்படியானால் என் ஷிப்டை யார் பார்க்கிறார்கள் என்று அடுத்துக் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. நஸ்ரீனின் கண்ணுக்குக் கீழேயே பதில் கறுப்பாகத் தெரிந்தது. டிக்கெட் எல்லாம் எடுத்துவிட்டு, கிளம்புவதற்கு நான்கு நாள் முன்புதான் அயர்லாந்துக்குப் போவதை அவளிடம் சொன்னேன். அன்று அவள் ஒரு பெரியவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமல், "சரி, போய்ட்டு வா" என்றாள்.

இப்போது திரையில் நஸ்ரீன் முன்னால் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். பெயர் கலா, ஷூ கம்பெனியில் தையல் மிஷின் வேலை. ஊசி முறிந்து சுட்டுவிரலுக்குள் நின்றிருந்தது. "லைன்ல நம்ம டாக்டர்தான், இருக்கட்டுமா?" என்று அவளிடம் கேட்டுவிட்டு, நஸ்ரீன் போனை ஸ்பிரிட் பாட்டிலில் சாய்த்து வைத்தாள். "மரத்துப்போற ஊசி போடப் போறேன். நீ பேச்சு குடு."

கலா என்னை உற்றுப் பார்த்தாள். "நீங்க போர்டுல இருக்கிற மேடமா? லீவுன்னு சொன்னாங்களே."

"எல்லார்கிட்டயும் அப்டிதான் சொல்லி வெச்சிருக்கேன்" என்றாள் நஸ்ரீன், மருந்தை ஏற்றிக்கொண்டே.

"அங்கயும் ஆஸ்பத்திரிதானா மேடம்?"

"ஆமாம்மா."

"கூட்டம் கம்மியா?"

"இல்ல, இங்கயும் ஜாஸ்திதான்."

"டாக்டருங்க நெறைய இருப்பாங்க."

"பத்தல."

"அப்புறம் இன்னாத்துக்கு அங்க போனீங்க?"

பல்கலைக்கழகம் மாதக்கணக்கில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பிரித்து வைத்த கேள்வியை ஒரு விரலை நீட்டிக்கொண்டு கேட்டுவிட்டாள். "வீட்டுக்காரருக்கு வேலை..." என்று தொடங்கினேன். பல்லைக் கடித்தபடி என் முகத்தையே பார்த்தாள். "பசங்க படிப்பு..." என்றேன். எங்களுக்கு இன்னும் குழந்தை இல்லை.

"எடுத்தாச்சு" என்றாள் நஸ்ரீன். இடுக்கி முனையில் ஊசித் துண்டு மின்னியது. "நல்லா பேச்சு குடுத்த. உன் ஷிப்டு முடிஞ்சுது."

பதினான்கு மாதத்தில் நான் பார்த்த முதல் நோயாளி. பழக்கதோஷத்தில் கை கழுவ எழுந்துவிட்டேன். கையில் ஒன்றும் இல்லை.

"நஸ்ரீன், அப்பவே உங்கிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றாள். பரவாயில்லை என்று சொல்லவில்லை. அடுத்த ஆள் உள்ளே வர, இணைப்பைத் துண்டித்தாள்.

படிவத்தில் டாக்டர்களின் எண்ணிக்கை இன்னும் நிரப்பாமல் இருந்தது. இரண்டு என்று அடித்தேன், அழித்தேன். ஒன்று என்று அடித்தேன், அதையும் அழித்தேன். கடைசியில் ஒன்றரை என்று போட்டேன். முழு எண் மட்டுமே ஏற்கப்படும் என்று சிவப்பில் எழுதிக் காட்டியது. அந்தச் சிவப்பு அணையும்வரை காத்திருந்தேன், அது அணையவில்லை. டேப்லெட்டை எடுத்துக்கொண்டு அவசரப் பிரிவின் மூலைக்குப் போய் உட்கார்ந்து, அன்று பணியில் இருந்த டாக்டர்களை எண்ணத் தொடங்கினேன்.