முப்பத்தொரு பக்கத்தில் இல்லாத பெயர்

நிக்பக்த்துக்கு இங்கிலீஷ் எழுத்துகள் அடையாளம் தெரியும், வாசிக்க வராது. ஆனால் ஆப்கானிஸ்தானிலிருந்து அகதிகளாக வந்து ஆஸ்திரேலியாவின் டாண்டினாங்கில் இருக்கிற எங்கள் ஹசாரா ஜனங்களில் அவள் கண்ணை ஏமாற்ற ஒருத்தரும் பிறக்கவில்லை. கீரை பாக்கெட் போடும் ஷெட்டில் அவளுக்கு வேலை. பெல்ட்டில் ஓடுகிற கீரைக்குள் ஒரு புழு, ஒரு களை இலை வந்தால் போதும், அவள் விரல் அங்கே போய் நிற்கும்.

அப்படிப்பட்டவளுக்குத் தீர்ப்பாயம் முப்பத்தொரு பக்கம் அனுப்பியது. சுருக்கமாகச் சொன்னால், அடைக்கலம் கிடையாது, ஊருக்குப் போ. ஊரில் என்ன இருக்கிறது? அவள் தம்பி எவாஸை கஸ்னி ரோட்டில் வண்டியை விட்டு இறக்கிக் கொன்றார்கள். கொன்றவர்கள் வீடு வரை வந்து, "பொண்ணுங்களுக்குப் பள்ளிக்கூடம் நடத்தினாளே, அவன் அக்கா எங்கே?" என்று கேட்டார்கள். ஊர்ப் பெரியவர் இதையெல்லாம் எழுதித் தீர்ப்பாயத்துக்கு அனுப்பிய கடிதத்தைத்தான் அவள் மலைபோல நம்பியிருந்தாள்.

கோர்ட்டுக்குப் போக முப்பத்தைந்து நாள்தான் கெடு. இலவச வக்கீல்களோ கையை விரித்துவிட்டார்கள். எதைச் சொல்லிக் கேஸ் போடுவது? தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தவளிடம் பக்கத்து பெல்ட் மாஹ்குல் வந்தாள். வாய் நீளம், மனசு தங்கம். இங்கிலீஷும் ஓரளவு படிப்பாள்.

"அக்கா, இது முழுக்கப் படிச்சா நான் கிழவியாயிடுவேன். எந்த விஷயம் வேணும், சொல்லு."

"எவாஸைப் பத்தி என்ன எழுதியிருக்காங்க? அது போதும்டி. அவன் பேரை எழுதிக் காட்டு."

மாஹ்குல் ரொட்டி உறைமேல் இங்கிலீஷில் எழுதிக் காட்டினாள். நாலே எழுத்து. நிக்பக்த் முதல் பக்கத்தில் விரலை வைத்தாள். வரி வரியாகக் கடைசிப் பக்கம் வரை போனாள். திரும்ப முதலிலிருந்து ஆரம்பித்தாள். டீ ஆறிப்போனது.

"இல்லடி."

"கண்ணு அசந்திருக்கும்."

"பெல்ட்ல என் கண்ணு என்னிக்குடி அசந்துச்சு?"

மாஹ்குலும் தேடினாள். பெயரும் இல்லை, கடிதத்தைப் பற்றிய பேச்சும் இல்லை. 'எல்லா ஆவணங்களையும் பரிசீலித்தோம்' என்று ஒரு வரி மட்டும் பவிசாக உட்கார்ந்திருந்தது. அடப் பாவிகளா! செத்தவனுக்கு அரை வரி கொடுத்தால் காகிதம் தீர்ந்தா போகும்? அதையே காரணமாக எழுதி, கெடு முடிய நாலு நாள் இருக்கும்போது கேஸ் போட்டார்கள்.

இரண்டு வருஷம் கழித்துத்தான் கூப்பிட்டார்கள். நீதிபதி ஒரு பெண்மணி. மொழிபெயர்ப்பாளர் மூலமாகச் சொன்னார்: "அம்மா, உங்க கதை உண்மையா இல்லையான்னு தீர்மானிக்கிறது என் வேலை இல்லை. தீர்ப்பாயம் செய்ய வேண்டியதைச் செஞ்சுதா, அதை மட்டும்தான் பாக்க முடியும்."

அரசாங்க வக்கீல் எழுந்தார். "ஒவ்வொரு காகிதத்தையும் குறிப்பிடணும்னு சட்டம் சொல்லலை."

நிக்பக்த் எழுந்து நின்றாள்.

"அந்தக் கடிதத்தை நம்பலைன்னா, நம்பலைன்னு எழுதட்டும்மா. ஏன்னும் எழுதட்டும். அழுதுட்டுப் போயிடுவேன். எனக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, தம்பி பேரு மட்டும் தெரியும். முப்பத்தொரு பக்கமும் விரல் வெச்சுத் தேடினேன். அவன் இல்லை. பாக்காமலே எப்படிம்மா எனக்கு ஆபத்து இல்லைன்னாங்க?"

நீதிபதி பக்கங்களைப் புரட்டினார். பிறகு வக்கீலைப் பார்த்து, "எந்தப் பத்தியில இருக்கு?" என்று கேட்டார். வக்கீலும் புரட்டினார். "நேரடியா இல்லை" என்றார்.

ஆறு வாரத்தில் தீர்ப்பு வந்தது. தீர்ப்பாயத்தின் முடிவு ரத்து, மறுபடி விசாரிக்க வேண்டும். மாஹ்குல் ஷெட்டிலேயே குதித்தாள். பிறகு முகம் சுண்டியது. "ஆனா இது விசா இல்லக்கா. எல்லாத்தையும் மறுபடி முதல்லேர்ந்து சொல்லணும்."

"சொல்றேன். இந்தத் தடவை கேட்டுத்தானே ஆகணும்?"

இடைவேளையில் கையுறையைக் கழற்றிவிட்டு, தீர்ப்பின் முதல் பக்கத்தில் விரலை வைத்தாள். இரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது. நாலு எழுத்து. கொஞ்சம் கீழே மறுபடியும். அடுத்த பக்கத்தில் மூன்று இடத்தில்.

"வந்துட்டான்டி" என்றாள் நிக்பக்த்.