ஓட்டுநர் திரும்பிப் பார்க்கக் கூடாது

"ஏழாம் நபர்: ஆண், வயது ஐம்பத்தெட்டு, மனைவியை இழந்தவர். அமைதியானவர். கனவு காண்பதில்லை. சொன்னதைக் கேட்பவர்."

சிகாகோவில் ஒரு பல்கலைக்கழக உறக்க ஆய்வுக்கூடம் காஸிஸைச் சேர்த்துக்கொண்டபோது எழுதியது இது. கடைசி மூன்றும் தவறு. ஹால்ஸ்டெட் தெருவில், குறுக்கே வரும் லாரிக்காரர்களை லிதுவேனிய மொழியில் திட்டிக்கொண்டே டிராம் ஓட்டியவர் அவர். அந்தத் தடத்தில் இப்போது பஸ் ஓடுகிறது.

மனைவி எமிலியா போய் இரண்டு குளிர்காலம் ஆகியும் அவர் கனவில் வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரியின் கனவில் மட்டும் அவள் வந்து, தான் கடன் கொடுத்த வாணலியைக் கேட்டாளாம். அந்த எரிச்சலில்தான் ஆய்வுக்கூடத்தில் படுக்க வந்தார்.

"கனவு எல்லாருக்கும் வருது சார், மறந்துடறோம்," என்றான் ஆய்வு மாணவன் லோவல், அவர் நெற்றியில் கம்பியை ஒட்டியபடி. "மூடின இமைக்குள்ள முழி அங்கயும் இங்கயும் ஓடும். அப்ப மூளை முழிச்சிருக்கற மாதிரியே வேலை செய்யும். அந்த நேரம் எழுப்பினா ஞாபகம் இருக்கும்."

"தூங்கறப்பவும் வேலையா? யூனியன்ல சொல்லணும்."

அன்றிரவு அடுத்த அறையில், அவர் விழியோட்டத்தைப் பதியும் இயந்திரத்தின் பேனாக்கள் காகிதத்தில் கிறுக்கத் தொடங்கின. அவரை எழுப்ப லோவல் மணியை இரண்டு முறை அடித்தான்.

கனவில் எமிலியா வந்துதான் இருந்தாள். டிராமின் பின்வாசலில் ஏறி, ரை தானிய ரொட்டி வாசனையோடு, ஈரக் கம்பளிச் சால்வையோடு, அந்நாட்களில் வந்ததைப் போலவே சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு நடந்து வந்தாள். முதுகுக்குப் பின்னால் நின்றாள். "உன் முதுகோடதான்யா நான் குடும்பம் நடத்தறேன்," என்பாள் எப்போதும். வேலையில் இருந்தவரை வண்டி ஓடும்போது அவர் திரும்பியதில்லை. அதில் அவருக்குப் பெருமை வேறு. இப்போது வண்டி நின்றுதான் இருந்தது. திரும்பப் போனார். மணி கேட்டது. கண்டக்டர் இரண்டு அடித்தால் கிளம்ப வேண்டும். கைப்பிடியைத் திருகினார், விழித்துக்கொண்டார்.

"டேய், ஒண்ணு அடிடா! ஒண்ணுன்னா நில்லு, ரெண்டுன்னா போ. அவ மூஞ்சியப் பாக்கறதுக்குள்ள வண்டிய எடுக்க வெச்சுட்டியே!"

"எல்லாருக்கும் ரெண்டுதான் சார். உங்களுக்கு மட்டும் மாத்தினா ஆராய்ச்சி கெட்டுடும்."

"அத எமிலியாகிட்ட சொல்லிப் பாரு. தூக்காலயே போடுவா."

முணுமுணுத்தபடி மறுபடி படுத்தார். வெகுநேரம் கழித்துப் பேனாக்கள் மீண்டும் துடித்தன. சால்வையின் ஈரவாசனை கழுத்தருகே வந்தது. மணி இரண்டு முறை அடித்தது.

காஸிஸ் வண்டியை எடுக்கவில்லை. திரும்பி, அவள் முகத்தைப் பார்த்தார்.