டீச்சரம்மா வளர்த்த கோடுகள்

"எழுந்திருடா, எழுந்திரு. ஊரே விளக்கு போடப்போகுது, நீ இன்னும் படுத்துக் கிடக்கியே!"

சுவரை அடைத்து நிற்கும் பெரிய திரையில், தரையோடு கிடக்கும் நீலக் கோட்டிடம்தான் இந்த அதட்டல். நீலம் என்றால் காற்றாலை மின்சாரம், மஞ்சள் என்றால் சூரியன். அதட்டுபவர், மாநிலம் முழுவதற்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் இந்த அறையின் மாலை நேர அதிகாரி. கோடுகளைப் பள்ளிப் பிள்ளைகளைப்போல விரட்டுவதால் எல்லோருக்கும் டீச்சரம்மா.

பச்சைக் கோடு பாட்டரி. அதை மருமகள் என்பார். "பகலெல்லாம் தின்னுக்கிட்டே இருப்பா. பொழுது சாஞ்சா வீட்டையே தாங்குவா." அடியில் ஒரு கறுப்புக் கோடு உண்டு, நிலக்கரி. அதோடு மட்டும் பேச்சு வார்த்தை கிடையாது.

வேலை நேரத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. உட்கார்ந்தால் கோடும் உட்கார்ந்துவிடுமாம். நான் கொடுக்கும் தேநீரைத் தானே ஆறவிட்டு, "ஏன் இப்படி ஆறிப்போச்சு?" என்று என்னையே கேட்பார். நான் சிரித்துவிட்டு வேறு தேநீர் கொண்டுவருவேன்.

மாநிலத்தில் கரி எரிக்கும் நிலையங்களை ஒவ்வொன்றாக மூடி, மிஞ்சியது ஒன்றே ஒன்று. அங்கே கொதிகலனைக் கவனிப்பவர் டீச்சரம்மாவின் கூடப்பிறந்த அண்ணன். ஒரு வாரம் முழுக்க அதைத் தொடாமல் ஓட்டிக் காட்டினால் அதையும் மூடுவார்கள், அண்ணனுக்குப் பாட்டரி நிலையத்தில் வேலை. ஒரு முறை தொட்டால்கூட இன்னும் ஒரு வருடம் கரிதான். நேற்று அந்த வாரத்தின் கடைசி மாலை.

"போயிட்டு வாப்பா, நாளைக்கு நேரத்துக்கு வந்துடு" என்று மஞ்சளை வழியனுப்பினார். அந்த நேரம் பார்த்துத் தொலைக்காட்சிக்காரர்கள் முந்திக்கொண்டு, கரியில்லாமல் வென்றுவிட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். சந்தோஷத்தில் சனங்கள் வீட்டிலிருந்த விளக்கையெல்லாம் போட்டுவிட்டார்கள்! தேவையைக் காட்டும் சிவப்புக் கோடு கிடுகிடுவென ஏறியது. மருமகள் தன்னால் முடிந்த மட்டும் தாங்கினாள். நீலம் அசையவில்லை.

டீச்சரம்மா பெரிய குளிர்பதனக் கிடங்குக்காரர்களைக் கூப்பிட்டார். "கொஞ்ச நேரம் மூச்சைப் பிடிச்சுக்கோங்க, புண்ணியமாப் போகும்." அவர்கள் இயந்திரங்களை நிறுத்த, சிவப்பு ஏறுவதை நிறுத்தியது. ஆனால் இறங்கவில்லை.

தொலைபேசி அடித்தது. அண்ணன்தான். அறையே கேட்கும்படி பேசினார்.

"என்ன தங்கச்சி, பத்த வைக்கட்டுமா? கொதிகலன் சூடாத்தான் இருக்கு."

"சும்மா இருண்ணா."

"ஊர் இருட்டாச்சுன்னா உன்னைத்தான் கேப்பாங்க. வீம்பு பண்ணாதே."

"வீம்பு இல்லண்ணா. கடலோரத்துல காத்து கிளம்பிருச்சு. உள்ள வர்ற நேரந்தான்."

அண்ணன் பேச்சை மாற்றினார். "உங்க அண்ணி கேக்கச் சொன்னா. இனிமே வெள்ளைத் துணிய வெளிய காயப்போடலாமா?"

"போடச் சொல்லு. சாம்பல் விழுந்தா நானே வந்து துவைச்சுத் தர்றேன்."

அறை சிரித்தது. அவர் கால்விரல்கள் மட்டும் தரையை இறுகப் பற்றியிருந்ததை நான் பார்த்தேன். ஆண்டவனே, இந்த அம்மா முகத்தைப் பார் என்று வேண்டிக்கொண்டேன்.

நீலம் நெளிந்தது. தலை தூக்கியது. பிறகு ஒரே ஓட்டம்! பச்சையைத் தாண்டி, சிவப்பைத் தொட்டு நின்றது.

"பாருங்க, பாருங்க எம்பிள்ளைய!" என்று கத்தினார். மேசைகளைத் தட்டினார்கள், விசில் அடித்தார்கள். கறுப்பு அடியிலேயே கிடந்தது.

அறை அடங்கியதும் தொலைபேசியை வாயருகே கொண்டுபோனார்.

"அண்ணா, கொதிகலனை ஆறவிடு."

"ஆறவிட்டுட்டேன், தாயி."

அடுத்த அதிகாரி வந்து இடத்தை ஏற்றுக்கொண்டார். டீச்சரம்மா கைப்பையை எடுத்து வெளியே வந்தார். ஆளில்லாத நீளமான நடைவழி. உள்ளங்கையைச் சுவரோடு வைத்து, ஊர்ச் சனங்களைப்போலவே வழியிலிருந்த விளக்குச் சுவிட்சை எல்லாம் ஒன்று விடாமல் போட்டுக்கொண்டே படியிறங்கினார்.