செவ்வந்தி மாலைக்குள் ஒரு தகடு

மன்னார்குடிப் பக்கத்துக் களிமண் வயலில் களைக்கருவியைத் தள்ளிப் பார்த்தவர்களுக்கு அந்த எரிச்சல் தெரியும். பத்தடி போவதற்குள் பல் உருளையில் சேறு அப்பிக்கொள்ளும். நிறுத்தி, குச்சியால் சுரண்டிவிட்டு மறுபடி தள்ள வேண்டும். களையெடுக்கும் பெண்கள் பலரும் கருவியை வரப்பில் சாத்திவிட்டுக் கையாலேயே பிடுங்கப் போய்விடுவார்கள்.

சுடர்விழியின் அம்மா அப்படிக் குனிந்தே காலம் கழித்தவர். பள்ளி விடுமுறைகளில் சுடர்விழியும் குனிந்திருக்கிறார். பாலிடெக்னிக்கில் படித்து, திருத்துறைப்பூண்டி சாலையில் சொந்தமாக வெல்டிங் பட்டறை போட்ட பிறகும் அந்தச் சேறு அவர் மனதை விட்டுப் போகவில்லை. உருளைக்கு உட்புறம் வளைந்த தகடு ஒன்றைப் பொருத்தினார். கருவியைப் பின்னால் இழுக்கும்போது தகடு தானே இறங்கிச் சேற்றை வழித்துவிடும். முன்னால் தள்ளும்போது ஏறிக்கொள்ளும். ஏழு முறை உடைந்தது. 2019இல் எட்டாவது, அவருடைய சொந்த மூன்று மா வயலில், ஏறக்குறைய ஒரு ஏக்கரில், ஒரு கோடியிலிருந்து மறுகோடி வரை நிற்காமல் ஓடியது.

தள்ளிப் பார்த்தவர் ஈஸ்வரி, சுடர்விழி குடியிருக்கும் தெருவின் களையெடுக்கும் பெண்களுக்குத் தலைவி. கரையேறி ஒரே ஒரு வார்த்தை சொன்னார்.

"குச்சியைத் தூக்கிப் போட்ரு."

அந்த அக்டோபரில் ஆயுத பூஜை வந்தது. புதிதாகச் செய்த கருவியை முன்வரிசையில் வைப்பது பட்டறை வழக்கம். சந்தனம் வைத்து, படம் எடுத்து, வீடியோவை யூடியூபிலும் ஏற்றினார் சுடர்விழி.

மூன்று மாதம் கழித்து, தஞ்சாவூரில் நடந்த ஒரு கூட்டத்தில் தஹ்மீனாவைச் சந்தித்தார். காப்புரிமை விண்ணப்பங்களைத் தயாரித்து வாதாடும் சென்னைக்காரர். அவருடைய முதல் கேள்வியே இதுதான்.

"தாக்கல் பண்றதுக்கு முன்னாடி வெளியில யாருக்காவது காட்டியிருக்கீங்களா?"

"இல்ல மேடம். எங்க வயல்ல மட்டுந்தான் ஓட்டினோம்."

பொய் சொல்லவில்லை. சாமிக்கு முன்னால் வைத்ததும் அந்தப் பூஜை வீடியோவும் 'வெளியில் காட்டியது' ஆகும் என்று அவருக்குத் தோன்றவேயில்லை.

காப்புரிமை ஒரு கொடுக்கல் வாங்கல். கண்டுபிடித்தவர் தன் கருவியின் ரகசியத்தைப் படத்தோடு முழுமையாக எழுதிக் கொடுக்க வேண்டும். அது எல்லோரும் படிக்கும்படி வெளியிடப்படும். பதிலுக்கு, தாக்கல் செய்த நாளிலிருந்து இருபது ஆண்டுகளுக்கு அவர் அனுமதியில்லாமல் வேறு யாரும் அதைச் செய்யவோ விற்கவோ முடியாது. முக்கிய நிபந்தனை, அது புதியதாக இருக்க வேண்டும். ஊருக்கு ஏற்கெனவே தெரிந்துவிட்டால் கண்டுபிடித்தவருக்கே கதவு மூடிக்கொள்ளும்.

2020 ஜனவரியில் தாக்கலான விண்ணப்பம் அடுத்த ஆண்டு வெளியானது. அதைப் படித்த வெளியூர்க் கம்பெனி ஒன்று எதிர்ப்பு மனு போட்டது. சான்றாக அது இணைத்தது சுடர்விழியின் சொந்த ஆயுத பூஜை வீடியோவை.

"இதை ஏங்க எங்கிட்ட சொல்லல?" என்றார் தஹ்மீனா போனில்.

"சாமி கும்பிட்டதைப் போய் என்னன்னு மேடம் சொல்றது?"

நான்கு ஆண்டு உழைப்பு நாற்பத்திரண்டு விநாடி வீடியோவில் மாட்டிக்கொண்டது.

2023இல் காப்புரிமை அலுவலகத்தின் விசாரணை, இணையவழியில். பட்டறையில் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டு லேப்டாப் முன் உட்கார்ந்தார் சுடர்விழி. பின்னால் ஈஸ்வரி. அதிகாரி வீடியோவை ஓட்டச் சொன்னார். கற்பூரம் எரிந்தது, மணி ஒலித்தது. கைப்பிடி தெரிந்தது. உருளை இருக்க வேண்டிய இடத்தில் கொத்துக் கொத்தாகச் செவ்வந்தி.

"மறுபடி ஓட்டுங்க," என்றார் அதிகாரி. மறுபடியும் செவ்வந்திதான்.

"மாலைக்குள்ள அந்தத் தகடுதான சார் இருந்தது?" என்றார் கம்பெனியின் வழக்கறிஞர்.

"இருந்தது வேற, தெரிஞ்சது வேற," என்றார் தஹ்மீனா. "இந்த வீடியோவைப் பார்த்து அந்தத் தகட்டை யாராவது செஞ்சிட முடியுமா?"

அந்த ஆயுத பூஜையில் பூமாலையை உருளையில் நான்கு சுற்றுச் சுற்றியது ஈஸ்வரி. "புது மிஷினை அம்மணமாவா வைப்ப?" என்று சுடர்விழியைத் திட்டிக்கொண்டே சுற்றியிருக்கிறார்.

ஐந்து மாதத்தில் எதிர்ப்பு தள்ளுபடியானது, காப்புரிமை கிடைத்தது. கண்டுபிடித்தவர் என்ற இடத்தில் களையெடுத்த அம்மாவின் மகள் பெயர். இப்போது கும்பகோணத்துப் பட்டறை ஒன்று அவரிடம் எழுத்துப்பூர்வ அனுமதி பெற்று அந்தக் கருவியைச் செய்கிறது. விற்கும் ஒவ்வொன்றிலும் அவருக்குப் பங்கு உண்டு. ஒப்பந்தத்தில் சுடர்விழி விடாப்பிடியாகச் சேர்த்த வரி ஒன்று இருக்கிறது: பெண்களின் உயரத்துக்குத் தக்கபடி கைப்பிடியை ஏற்றி இறக்க வசதி வேண்டும். எதிர்த்த கம்பெனியும் அனுமதி கேட்டுக் கடிதம் போட்டிருக்கிறது. "படிச்சிக்கிட்டிருக்கேன்," என்கிறார் அவர்.

போன ஆயுத பூஜைக்கும் ஈஸ்வரி மாலையோடு வந்தார்.

"உருளையில வேணாங்க்கா. கைப்பிடியில போடுங்க. உள்ள இருக்கறதை யார் வேணா நல்லா பாத்துக்கட்டும்."

ஈஸ்வரி மாலையைக் கைப்பிடியில் மாட்டினார். ஒரு முழம் பூவைக் கிள்ளித் தன் தலையில் வைத்துக்கொண்டார்.

"இது எம் பங்கு," என்றார்.